குழந்தைக்குப் பறவை பார்க்க முதலில் என்ன வாங்கிக் கொடுக்கலாம்: பைனாகுலரா, கேமராவா?

கேள்வியின் சுருக்கம்: மகளுக்கு ஒன்பது வயது. மொட்டைமாடிக்கு வரும் பறவைகளைச் செல்போனில் படமெடுக்கிறாள், எல்லாமே புள்ளியாகத்தான் விழுகின்றன. பெரிய ஜூம் கேமரா வாங்கலாமா, பைனாகுலர் போதுமா, எங்கே கூட்டிப்போவது, படமெடுப்பது பறவைகளுக்குத் தொந்தரவு ஆகாதா?

பைனாகுலர் வாங்குங்கள். கேமராவுக்கு ஒரு வருடம் பொறுக்கலாம். கையில் கேமரா வந்ததும் குழந்தையின் கண் பறவையை விட்டுப் பின்பக்கத் திரைக்குப் போய்விடும். படம் விழுந்ததா என்று அவள் குனிந்து பார்க்கும் அந்தச் சில நொடிகளில் மீன்கொத்தி பாய்ந்து, மீனோடு கிளைக்குத் திரும்பி, அதைக் கிளையில் நாலு அடி அடித்து, தலைப்பக்கமாக விழுங்கி முடித்திருக்கும். பார்க்கத் தெரிந்த குழந்தை பிறகு எந்தக் கேமராவிலும் நல்ல படம் எடுத்துவிடும். பார்க்கப் பழகாமல் படமெடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் சலித்துப் போவார்கள்.

பைனாகுலரில் 8×32 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 32 மி.மீ. என்று பொருள். பெரியவர்களுக்கு 8×42 சிறந்தது. ஆனால் அதன் எடை 650 முதல் 700 கிராம் வரை இருக்கும், ஒன்பது வயதுக் கழுத்துக்கு அது அதிகம். 8×32, 8×30, கிடைத்தால் 6×30, எடை 500 கிராமுக்குள் என்று பாருங்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும், காட்சிப் பரப்பும் குறுகும். அதனால் 10× கூடக் குழந்தைக்கு வேண்டாம். கடைகளில் அடுக்கியிருக்கும் 20×50, 10–30 ஜூம், முன்கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னும் மாடல்கள் எதையும் தொடாதீர்கள்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் அளவு ஒன்று உண்டு: இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரும்பாலான பைனாகுலர்களை மடித்து ஒடுக்கினால் 56 மி.மீ. அளவோடு நின்றுவிடும். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்குக் கண்மணித் தூரம் 50 முதல் 56 மி.மீ.க்குள்தான் இருக்கும். அப்படியென்றால் குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் காட்சி தெரியும், இன்னொன்றில் கறுப்பு விளிம்பு ஆடும். "ஒண்ணுமே தெரியலப்பா" என்று பிள்ளைகள் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான், பொறுமையின்மை இல்லை. தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, கண்ணுக்குக் கீழே ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போய் வாங்குங்கள்.

வாங்கியதும் அவளுடைய கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடி போடுகிறவள் என்றால் பைனாகுலரில் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே திருகி விடுங்கள், இல்லையென்றால் வெளியே. இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும்வரை நடு மடிப்பை ஒடுக்குங்கள். பிறகு வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கட்டும். அடுத்து இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வைக்கும் குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்கட்டும். அந்த வளையம் நின்ற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், தம்பி எடுத்துத் திருகிவிட்டாலும் திரும்ப வைக்கலாம். வாரைச் சுருக்கி, பைனாகுலர் வயிற்றில் இடிக்காமல் நெஞ்சில் நிற்கும்படி மாட்டுங்கள். சூரியனை அதன் வழியே ஒரு கணம்கூடப் பார்க்கக் கூடாது, கண் நிரந்தரமாகக் கெட்டுவிடும். இதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவருவது தனித் திறமை. கண்ணை எடுக்காமல் பறவையையே பார்த்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையைத் தவறவிட்டாயிற்று. முதல் வாரம் பறவையே வேண்டாம்: எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் எழுத்து, தென்னையின் உச்சிக் குலை, மின்கம்பத்துப் பீங்கான் என்று அசையாத பொருள்களில் பழகட்டும். அடுத்தது உட்கார்ந்திருக்கும் காக்கை. பறக்கும் பறவையெல்லாம் பிறகு.

எங்கே கூட்டிப்போவது என்று கேட்டீர்கள். முதல் மூன்று மாதம் எங்கும் வேண்டாம். உங்கள் மாடியும் தெருவும் போதும், அவற்றைத்தான் தினமும் பார்க்க முடியும். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா 23, காக்கை 42. இந்த மூன்றையும் அளவுகோலாக மனத்தில் வைக்கச் சொல்லுங்கள். புதிதாக எது வந்தாலும் "மைனாவைவிடப் பெரிசு, காக்கையைவிடச் சின்னது" என்று சொல்லப் பழகினால் பாதி அடையாளம் முடிந்தது. அடுத்து அலகு: தடிப்பா, ஊசியா, வளைவா. அதற்குப் பிறகுதான் நிறம். நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் தேடும் பிள்ளைகள் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும்போது தடுமாறிப்போவார்கள்.

பெயர் சொல்லிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். பெயர் தெரிந்ததும் "தெரியும்" என்று குழந்தை அடுத்ததற்குத் தாவிவிடும். மின்கம்பியில் உட்காரும் கரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். பதினைந்து நிமிடம் அதை மட்டும் பார்க்கட்டும். எத்தனை முறை கம்பியை விட்டுப் பாய்ந்தது? தரைக்கா, காற்றிலேயா? திரும்பி அதே இடத்துக்கு வந்ததா? எத்தனை தடவை வாயில் பூச்சி இருந்தது? பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கோ பக்கத்திலோதான் திரும்பும். இதைத் தானே கண்டுபிடித்த குழந்தை, அது பறந்ததும் பைனாகுலரை அந்த வெற்றிடத்திலேயே வைத்துக் காத்திருக்கத் தொடங்கும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் வாயோரத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளியும் தெரியும். பருந்தோ காக்கையோ கூட்டுப்பக்கம் வந்தால் கரிச்சான் எப்படி மேலிருந்து விரட்டி அடிக்கிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். இதேபோல் வயல்வரப்பில் மடையான் என்கிற கொக்கு: அசையாமல் நிற்கும்போது மண் நிறம், எழுந்து பறந்தால் சட்டென்று வெள்ளை. "இவ்வளவு வெள்ளையை எங்கே ஒளித்து வைத்திருந்தது?" என்று குழந்தை கேட்டால், பதில் சொல்லாமல் அடுத்த மடையானைக் காட்டுங்கள். மடக்கிய சிறகுக்கடியில் அவளே தேடிக் கண்டுபிடிப்பாள்.

ஒரு நோட்டு வேண்டும், கோடு போடாதது. தேதி, நேரம், இடம், வானிலை, எத்தனை பறவை, என்ன செய்தது. ஒரு சின்னப் படம். வரையும்போது முதலில் உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம், பிறகு அலகின் நீளம் தலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பது. வால் சிறகு நுனியைத் தாண்டுகிறதா என்று பார்க்கட்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அழகாக இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவும் வேண்டாம். "கால் என்ன நிறம்?" என்று கேளுங்கள், அடுத்த முறை காலைப் பார்த்துவிட்டு வருவாள். குரல் தெரிந்துகொள்ளக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'மெர்லின்' செயலி உதவும். ஆனால் முதலில் குழந்தை கேட்டு, திசை காட்டி, ஊகித்த பிறகு திறவுங்கள். செயலி தவறும் செய்யும்: கரிச்சான் வல்லூறு போலக் கத்தி மைனாக்களை விரட்டக்கூடியது, அதைக் கேட்டு வல்லூறு என்று காட்டினால் வியப்பில்லை.

வெளியூர்ப் பயணம் என்றால் காலம் பார்த்துப் போக வேண்டும். வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும். வேடந்தாங்கலுக்கு டிசம்பர், ஜனவரி நல்லது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வறண்ட வருடத்தில் போனால் வெறும் மரங்களைத்தான் பார்க்கலாம், அதனால் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் மரத்துக்கு மரம் கூடு வைத்திருப்பதைக் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல், இரை தேடப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும் நேரம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூந்தன்குளம் இன்னும் நெருக்கமான இடம். ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு வைக்கும், ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்து வருகிறார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி ஏரிக்கரையில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இந்தச் செய்தியைக் குழந்தைக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். மாலைக் காட்சிக்காகப் போகவில்லை என்றால், எங்கே போனாலும் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குமேல் பறவையும் ஓய்ந்துவிடும், பிள்ளையும் ஓய்ந்துவிடும். வண்டியில் இட்லியும் தண்ணீரும் தொப்பியும் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

இனி கேமரா. செல்போனில் ஏன் புள்ளியாக விழுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். சின்னான் என்கிற கொண்டைக்குருவி 20 செ.மீ. நீளம். 400 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸோடு 20 மீட்டர் தள்ளி நின்றால், கேமராவுக்குள் படம் பதியும் சில்லான சென்சாரில் அதன் பிம்பம் 4 மி.மீ.தான். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களில் ஏபிஎஸ்-சி என்ற வகையின் சென்சார் அகலம் சுமார் 23.5 மி.மீ. ஆக, இவ்வளவு பெரிய லென்ஸிலும் பறவை படத்தின் ஆறில் ஒரு பங்கு. எட்டு மீட்டரில் நின்றால் 10 மி.மீ., படத்தின் கிட்டத்தட்ட பாதி. செல்போன் லென்ஸின் குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான் என்றால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பறவை பெரிதாக விழுவதற்கு லென்ஸைவிடத் தூரம் முக்கியம், தூரம் குறைய வேண்டுமென்றால் பறவை நம்மைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் பார்த்துப் பழகச் சொன்னதன் பலன் இங்கே கிடைக்கும்.

குழந்தைக்கு லென்ஸ் கழற்றாத சூப்பர்ஜூம் கேமரா பொருத்தம். கேனான் எஸ்எக்ஸ்70 வகை 65 மடங்கு ஜூம், 600 கிராமை ஒட்டிய எடை. நிக்கான் பி950 வகை 83 மடங்கு, ஆனால் ஒரு கிலோ. இவற்றின் சென்சார் மிகச் சிறியது. ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் இறகின் நுணுக்கம் கரைந்து குழம்பிவிடும், எனவே விடியற்காலை நிழலில் எடுத்த படம் சரியில்லை என்று அவள் மனம் உடைய வேண்டாம். பழைய கேமராவாகக் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆர்வம் நிலைத்திருந்தால் 100–400 மி.மீ. லென்ஸ் பற்றி யோசியுங்கள்.

அமைப்புகளில் முதலில் ஷட்டர் வேகம். உட்கார்ந்திருக்கும் கொக்குக்கு 1/500 நொடி, துறுதுறுவென்று ஆடும் தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் 1/1000, பறப்பதற்கு 1/2000. ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சரை அந்த லென்ஸில் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளி, அந்தப் புள்ளி பறவையின் கண்ணில். வால் மங்கினால் பரவாயில்லை, கண் மங்கினால் படம் போயிற்று. கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பச்சை வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வெளிறிப்போய் இறகே இல்லாத வெள்ளைத் துண்டாகத் தெரியும், எக்ஸ்போஷரை −1 வரை குறையுங்கள். வானத்துக்கு எதிரே கம்பியில் இருக்கும் கரிச்சான் வெறும் நிழலாகும், +1 கூட்டுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தண்ணீரோரப் பறவை என்றால் தரையில் உட்கார்ந்து அல்லது குப்புறப் படுத்து அதன் கண்மட்டத்தில் எடுங்கள், குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட எளிது. காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் ஏரிப்பரப்பில் தூரத்துப் பறவையை எடுத்தால் எந்த லென்ஸிலும் படம் நெளிந்து மங்கும். அது கானல், கேமராவின் குற்றமில்லை, வீட்டுக்குக் கிளம்பலாம். இன்னொன்று: அடையாளம் காண அழகான ஒரு படத்தைவிட, பக்கவாட்டு, முதுகு, வயிறு, வாலின் அடி தெரியும் நாலு சுமாரான படங்கள் மேல். நடத்தையைப் பதிய முப்பது நொடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

தொந்தரவா என்று கேட்டதற்கு: ஆம், பல நேரம் தொந்தரவுதான். குழந்தைக்கு ஒரே கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: பறவை தன் வேலையைப் பார்க்கிறதா, உன்னைப் பார்க்கிறதா? மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டினால், உடலை ஒடுக்கி நிமிர்ந்தால், எச்சமிட்டுக் குனிந்தால் அது கிளம்பப் போகிறது. அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், இரண்டடி பின்னால் வருவது இன்னும் நல்லது. நெருங்கும்போது நேராகப் போகாமல் சாய்வாக நாலு அடி, பிறகு ஒரு நிமிடம் நிற்றல், மறுபடி நாலு அடி. அதைவிடச் சிறந்தது நகராமல் இருப்பது. ஒரு குளக்கரையில் மங்கலான நிறச் சட்டையோடு பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் சில பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும்.

கூட்டைப் படமெடுக்க வேண்டவே வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. செம்மூக்கு ஆள்காட்டி வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். நாம் நெருங்கினால் எழுந்து கத்திக்கொண்டே வட்டமடிக்கும், அந்த நேரம் முழுக்க முட்டை உச்சிவெயிலில் வெந்துகொண்டிருக்கும். தேன்சிட்டின் தொங்கும் கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்கிப் படமெடுத்துவிட்டுப் போனால் அடுத்து அந்த இடத்துக்கு வருவது காக்கை. அலகில் புழுவோடு ஒரு பறவை கிளையில் தயங்கி நின்று கத்தினால், பக்கத்தில் கூடு இருக்கிறது, நீங்கள் வழியில் நிற்கிறீர்கள் என்று பொருள். உடனே விலகுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இப்படித்தான்: எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும். பகலில் பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கூட்டின் இடத்தையும் ஆந்தையின் மரத்தையும் இணையத்தில் போடக் கூடாது, செல்போன் படத்தில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள்.

பறவையை வீட்டுக்கு வரவழைக்க நேர்மையான வழி தண்ணீர். அகலமான மண் தட்டு, ஆழம் மூன்று முதல் ஐந்து செ.மீ.க்குள், நடுவில் நிற்க ஒரு கல். பூனை பதுங்கும் செடியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வளரும், மூன்று நாளுக்கொரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தப் பொறுப்பைக் குழந்தையிடமே விடுங்கள். சோறும் மிக்சரும் வைத்தால் காக்கையும் புறாவும் பெருகிச் சிறு பறவைகள் விலகும். அதற்குப் பதில் முருங்கை, இட்லிப்பூ, செம்பருத்தி, இடமிருந்தால் தேன்பழ மரம். முருங்கை பூத்தால் தேன்சிட்டைத் தேடிப் போக வேண்டாம்.

குழந்தைக்குப் பறவைமேல் அன்பு வந்ததும் என்றாவது ஒரு குஞ்சைக் கையில் ஏந்தி வருவாள். இறகு முளைத்துத் தத்தித் தாவுகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். எடுத்த இடத்திலேயே நாயும் பூனையும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே இல்லாத குஞ்சை, கூடு எட்டினால் கூட்டில் வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், நாக்கின் பின்னாலேயே மூச்சுத்துளை இருப்பதால் நுரையீரலுக்குப் போய் இறந்துவிடும். அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்படுவாள். பச்சைக்கிளி உட்பட நம் காட்டுப் பறவைகளை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நோட்டு நிரம்பத் தொடங்கியதும் அவளுடைய கணக்கு மற்றவர்களுக்கும் பயன்படட்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலகம் முழுதும் நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு குறித்து, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்கு வைத்து ஏற்ற வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியலால் பயனில்லை, சாதாரணப் பறவை குறைகிறதா என்று பிறகு கண்டறிய முடியாது. பெயர் உறுதியாகத் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம், 'அடையாளம் தெரியாத வாலாட்டி' என்றே நோட்டில் இருக்கட்டும். பெரிய கூட்டம் வந்தால் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அதே அளவு இடம் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பெருக்கினால் போதும்.